வலி அடங்கியது, வியாதி அடங்கியதா?

உங்கள் வீட்டு அலமாரியில் நிச்சயம் ஒரு டப்பா இருக்கும். ஒரு காலத்தில் அதில் பிஸ்கட் இருந்தது. இப்போது மாத்திரைகள் இருக்கின்றன. பாட்டியின் மூட்டு வலிக்கு வாங்கியதில் மீந்த நாலு, பையன் பந்தாட்டத்தில் காலைச் சுளுக்கிக் கொண்டபோது டாக்டர் எழுதிக் கொடுத்ததில் மீந்த இரண்டு, பெண்ணின் மாதாந்திர வயிற்று வலிக்கென்று பத்திரப்படுத்திய ஓர் அட்டை. பெயர்கள் வெவ்வேறாக இருந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் எல்லாரும் அண்ணன் தம்பிகள். அபினியின் வம்சத்தில் வந்த மார்பின், பெதிடின் முதலிய மருந்துகளுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நடு இரவில் விலாவைப் பிடித்து முறுக்கும் வலி வந்தாலும், நீர் பிரியும்போது நெருப்பாய் எரிந்தாலும், கை அந்த டப்பாவைத்தான் தேடுகிறது. தேடுவது தப்பா? தப்பில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். சிறுநீர் வழியில் வரும் வலிகளில் பெண்கள் அடிக்கடி சந்திப்பவை இரண்டு. ஒன்று கல் வலி, மற்றது நீர்க்கடுப்பு. ஒரே மாத்திரை, முதல் வலிக்கு நல்ல மருந்து. இரண்டாவதற்கு அரை மருந்து. இந்த இரண்டும் கலந்து வரும்போதோ, அதே மாத்திரை ஆபத்தை மூடி மறைக்கும் திரை ஆகிவிடும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்து கொண்டால் போதும். குடும்பத்தில் ஒரு சிறுநீரகத்தை, ஏன், ஓர் உயிரையே காப்பாற்றிவிடலாம்.

கல் வலி என்பது என்ன?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உட்புறம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலந்தான். சோற்றில் அகப்படும் கல் அளவு ஒன்று அதற்குள் நழுவி விழுந்தால் போதும், வழி அடைபட்டுவிடும். விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கும் வலி, சாய்வாக இறங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் ஓடும். உட்கார முடியாது, படுக்க முடியாது, நிற்கவும் முடியாது. குமட்டல், வாந்தி, வியர்வை எல்லாம் கூடவே வரும். பிரசவ வலியையும் கல் வலியையும் கண்ட பெண்களில் பலர், "இதற்கு அதுவே தேவலை" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பிஸ் என்று ஒருவர் இருந்தார். நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்றவர். சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை எடுக்க அவர் 1658-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி கத்திக்குச் சம்மதித்தார். மயக்க மருந்து என்பதே உலகத்தில் தெரியாத காலம் அது. இத்தனை வேதனைக்கும் மனிதன் சம்மதிக்கிறான் என்றால், கல் கொடுத்த வேதனை எப்படி இருந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்! பிழைத்து எழுந்தவர் அந்தத் தேதியை வருஷா வருஷம் விருந்து வைத்துக் கொண்டாடினார். கல்லை ஒரு பெட்டி செய்து அதில் வைத்திருந்தார்.

கல் குத்துவதால் வலிக்கிறதா?

கல் கூராக இருக்கிறது, அது குழாயைக் கிழிக்கிறது, அதனால்தான் வலி என்று நாம் நினைக்கிறோம். விஷயம் அதுவல்ல. சமையலறைத் தொட்டியின் குழாயில் சோற்றுப் பருக்கை அடைத்துக் கொண்டால் என்ன ஆகிறது? மேலே தண்ணீர் தேங்குகிறது. சிறுநீரகத்திலும் அதே கதைதான். கல்லுக்கு மேலே சிறுநீர் தேங்குகிறது. சிறுநீரகத்தின் உட்பை பலூன் போல் விரிகிறது. அதன் சுவர் இழுபடுகிறது. அந்த இழுப்புத்தான் வலியின் பெரும் பகுதி.

இங்கேதான் உடம்பு ஒரு விபரீதம் செய்கிறது. சுவர் இழுபட்டவுடன் சிறுநீரகம் ப்ராஸ்டகிளாண்டின் என்ற ஒரு சரக்கைச் சுரக்கிறது. இது ரத்தக் குழாயை விரித்து, சிறுநீரகத்துக்கு அதிக ரத்தத்தைக் கொண்டு வருகிறது. ரத்தம் அதிகம் வந்தால் சிறுநீரும் அதிகம் ஊறும். கீழே வழி அடைபட்டிருக்கும்போது மேலே குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டது போல ஆகிறது. அழுத்தம் ஏறுகிறது, சுவர் மேலும் இழுபடுகிறது, மேலும் ப்ராஸ்டகிளாண்டின் சுரக்கிறது. போதாக்குறைக்குக் கல் சிக்கிய இடத்தில் வீக்கமும் வருகிறது. குழாயின் தசை சுருங்கிப் பிடித்துக் கொள்கிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் சக்கரம்!

ப்ராஸ்டகிளாண்டின் என்ற பெயரை 1935-ல் வைத்தவர் ஸ்வீடன் தேசத்து உல்ஃப் வான் ஆய்லர். ஆண்களுக்கு மட்டும் உள்ள புராஸ்டேட் சுரப்பியில் இது உண்டாகிறது என்று எண்ணி அப்படிப் பெயரிட்டார். பிறகு பார்த்தால் ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் உடம்பின் எல்லாப் பாகங்களிலும் இருக்கிறது! மாதவிலக்கின்போது அடிவயிற்றைப் பிசைகிறதே, அதுவும் இந்த ஆசாமியின் கைவேலைதான். பெயர் மட்டும் புராஸ்டேட்டின் பெயராகவே நின்றுவிட்டது.

அபினி தோற்ற கதை

வெகு காலம் கல் வலிக்கு ஆஸ்பத்திரிகளில் கைகண்ட மருந்து மார்பின், பெதிடின் ஊசிகள்தான். இவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து, வலி என்ற செய்தியை அமுக்கிவிடும். வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது தந்திக் கம்பியை அறுத்துவிடுவது மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். செய்தி வராது, ஆனால் சிறுநீரகத்தில் ஏறிய அழுத்தம் ஏறினபடியே இருக்கும். போதாததற்கு, ஏற்கனவே வாந்தி எடுத்துக் கொண்டிருக்கும் நோயாளிக்கு இந்த ஊசிகள் மேலும் வாந்தியைக் கொடுக்கும்.

1971-ல் ஜான் வேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். ஆஸ்பிரினும் அதன் உறவுக்கார மருந்துகளும், உடம்பில் ப்ராஸ்டகிளாண்டின் உற்பத்தியாவதையே தடுக்கின்றன என்பதுதான் அது. இதற்காக அவருக்கும் ஸ்வீடனைச் சேர்ந்த இருவருக்குமாக 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1978-ல், ஸ்வீடன் டாக்டர்கள் இருவர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இண்டோமெத்தஸின் என்ற மருந்தைக் கல் வலிக்காரர்களின் ரத்த நாளத்தில் ஏற்றிப் பார்த்து, வலி அடங்கியதை எழுதினார்கள்.

ஏன் அடங்கியது என்று இப்போது உங்களுக்கே விளங்கும். ப்ராஸ்டகிளாண்டின் சுரப்பு நின்றால் ரத்த ஓட்டம் மட்டுப்படும், சிறுநீர் ஊறுவது குறையும், அழுத்தம் இறங்கும், வீக்கம் வாடும், குழாயின் பிடிப்புத் தளரும். சக்கரம் நின்றுவிடுகிறது. தந்திக் கம்பியை அறுக்கவில்லை. தீயில் தண்ணீரே விழுகிறது.

வாய்ச் சொல்லாக இதை விட்டுவிடவில்லை. 2004-ல் 20 ஆராய்ச்சிகளை, அவற்றில் பங்கு கொண்ட 1613 நோயாளிகளின் விவரங்களோடு ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அபினி வகை ஊசி பெற்றவர்களைவிட இந்தக் குடும்பத்து மருந்தைப் பெற்றவர்களுக்கு வலி சற்று அதிகமாகவே குறைந்திருந்தது, மறுபடி ஊசி கேட்டவர்களும் குறைவு, வாந்தியும் குறைவு.

அப்புறம் கத்தாரின் தலைநகரான டோஹாவில் நடந்ததைக் கேளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் போய் உழைக்கும் வளைகுடா நாடு அது. அனல் வெயில், வியர்வையாய்க் கொட்டும் உடம்பில் சிறுநீர் சுண்டிப் போகும், கல் விளைய அது தோதான நிலம். அங்கே ஹமத் பொது ஆஸ்பத்திரியில் 2014 ஆகஸ்டு முதல் 2015 மார்ச் வரை, கல் வலியோடு வந்த 1645 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு டைக்ளோஃபெனாக் 75 மில்லிகிராம் தசையில் ஊசி. இன்னொன்றுக்கு பாரஸிட்டமால் 1 கிராம் ரத்த நாளத்தில். மூன்றாவதற்கு மார்பின் ரத்த நாளத்தில். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. அரை மணி நேரத்தில் வலி பாதியாகவாவது குறைந்தவர்கள் டைக்ளோஃபெனாக் பிரிவில் நூற்றுக்கு 68 பேர்; பாரஸிட்டமால் பிரிவில் 66; மார்பின் பிரிவில் 61. பெரிய வித்தியாசம் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். மிகப் பலசாலி என்று பெயர் வாங்கிய மார்பினை, மூட்டு வலி மருந்து ஒன்று எதிர்த்து நின்றதோடு ஒரு படி முந்தியும் விட்டது. பக்கத் தொல்லைகளும் மார்பின் பெற்றவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தன.

மருந்து வலியைத்தான் தீர்க்கிறதே ஒழிய, கல்லைக் கரைப்பதில்லை. வேகமாக வெளியேற்றுவதும் இல்லை. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தாமே வெளியேறிவிடும். மற்றவற்றை டாக்டர்தான் கவனிக்க வேண்டும். வலி நின்றுவிட்டது என்று ஸ்கானுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அடைப்பு வாரக் கணக்கில் நீடித்தால், வலியே இல்லாமலும் சிறுநீரகம் மெல்லக் கெட்டுப் போகும்.

வாழைத்தண்டு எப்போது?

வலி வந்தவுடன், "நிறையத் தண்ணீர் குடி, கல் அடித்துக் கொண்டு போய்விடும்" என்று சொல்லாத மாமியார் இல்லை. வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர், பார்லிக் கஞ்சி ஒரு சொம்பு! அன்பு குறைவில்லை, நேரந்தான் சரியில்லை. அடைபட்ட குழாய்க்கு மேலே மேலும் தண்ணீர் விட்டால் அழுத்தந்தானே ஏறும்? வலி நேரத்தில் வலிந்து தண்ணீர் குடிப்பதால் கல் சீக்கிரம் இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

தண்ணீரின் பெருமை கல் வராமல் தடுப்பதில் இருக்கிறது. கல் வந்து போனவர்கள் தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. நம் ஊர் வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கும். அடுப்படியில் வேர்த்துக் கொட்ட நிற்கும் நீங்கள், எல்லாருக்கும் மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு உங்களுக்கு மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நீர்க்கடுப்பு வேறு கதை

பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்து வெளி வரும் வழி நான்கு சென்டிமீட்டர் நீளந்தான். ஆண்களுக்கு அது சுமார் இருபது. ஆகவே குடலைச் சேர்ந்த கிருமிகள் உள்ளே ஏறிவிடுவது நமக்குச் சுலபம். பெண்களில் பாதிப் பேராவது வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்த உபாதையைப் படுகிறார்கள். அடிக்கடி நீர் போக வேண்டும் போலிருக்கும். போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டிலும் மிளகாய் அரைத்த எரிச்சல். வெளியே சொல்ல வெட்கம். டாக்டரிடம் போகக் கூச்சம். பஸ்ஸிலும் ஆபீஸிலும் நல்ல கழிப்பிடம் இல்லையே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக் கொள்ளும் பெண்களைக் கேட்டால் தெரியும் இந்தக் கொடுமை.

இங்கே வலிக்குக் காரணம் கிருமி. வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்க வலி மாத்திரை உதவும். கிருமியை அது தொடாது. ஆன்டிபயாடிக் மருந்தைக் கண்டபடி கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. ஆகவே வலி மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று ஜெர்மனியில் சில டாக்டர்கள் யோசித்தார்கள். அவர்களுடைய ஆராய்ச்சி 2015-ல் வெளியாயிற்று. 494 பெண்கள், பாதிப் பேருக்கு ஐபுப்ரோஃபென், பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக். ஐபுப்ரோஃபென் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் ஆன்டிபயாடிக் இல்லாமலே குணமானார்கள். ஆச்சரியமான செய்திதான்! உடம்பே கிருமியை விரட்டியடித்துவிட்டது. ஆனால் அவர்கள் அதிக நாள் அவதிப்பட்டார்கள். கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கியது ஆன்டிபயாடிக் பிரிவில் ஒருவருக்கு. ஐபுப்ரோஃபென் பிரிவில் ஐந்து பேருக்கு.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளிலும் 383 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2018-ல் வந்தது. நாலாம் நாள், "எனக்குக் குணமாகிவிட்டது" என்று சொன்னவர்கள் ஆன்டிபயாடிக் பிரிவில் நூற்றுக்கு 74 பேர். ஐபுப்ரோஃபென் பிரிவில் 39 பேர்தான். சிறுநீரகத்துக்குக் கிருமி ஏறிய ஏழு பேரும் ஐபுப்ரோஃபென் பிரிவைச் சேர்ந்தவர்களே.

அரை மருந்து என்று முதலிலேயே சொன்னது இதனால்தான். டாக்டரைப் பார்க்கும் வரை எரிச்சலைத் தாங்க ஒரு மாத்திரை போட்டுக் கொள்ளலாம். டாக்டருக்குப் பதிலாக அதை வைத்துக் கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு நீர்க்கடுப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஃபெனஸோபிரிடின் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. இது ஒரு சாயம். சிறுநீரோடு வெளியேறும்போது வழியின் உட்சுவரை மரக்கச் செய்து எரிச்சலைத் தணிக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். விஷயம் தெரியாதவர்கள் ரத்தம் என்று அலறி விடுவார்கள்! துணியில் பட்டால் கறையும் போகாது. ஆன்டிபயாடிக் கூடச் சாப்பிடும்போது இரண்டு நாளுக்கு மேல் இது வேண்டியதில்லை. இதுவும் கிருமியைக் கொல்வதில்லை.

கழுகுகள் சொன்ன பாடம்

அடைப்பு நேரத்தில் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை மட்டுப்படுத்தி உபகாரம் செய்யும் அதே குணம், வேறு நேரத்தில் அபகாரமாகவும் முடியும். சிறுநீரகம் ஏற்கனவே நலிந்தவர்களுக்கு ப்ராஸ்டகிளாண்டின்தான் அங்கே ரத்தம் ஓடும்படி பார்த்துக் கொள்கிறது. அதையும் பிடுங்கிவிட்டால்?

இதற்கு ஒரு சோக சாட்சி உண்டு. பிணந்தின்னிக் கழுகுகள் நம் தேசத்தில் 1990-க்குப் பிறகு கூட்டம் கூட்டமாக மடிந்தன. சில இனங்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் போய்விட்டன. மாடுகளுக்கு வலி மருந்தாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்று 2004-ல் தெரிய வந்தது. 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதனின் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அத்தனை மென்மையானதல்ல. ஆயினும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.

ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள், வயிற்றுப் புண்காரர்கள், இருதய நோயாளிகள், ஆஸ்பிரின் ஒத்துக் கொள்ளாத ஆஸ்த்மாக்காரர்கள் இந்த மாத்திரைகளைத் தாமாக எடுத்து விழுங்கக் கூடாது. ரத்தக் கொதிப்புக்கும் நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டினால் இவை கருவிலுள்ள சிசுவின் சிறுநீரகத்தையே பாதித்து, பனிக்குட நீரைக் குறைத்துவிடக் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2020-ல் எச்சரித்தது. இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் பாரஸிட்டமாலோ, அவசியமானால் மார்பினோ கொடுப்பார். பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரியில் அளவோடு கொடுக்கும் மார்பின் யாரையும் அபினி அடிமை ஆக்கிவிடாது.

உடனே ஓட வேண்டிய நேரம்

கல் அடைத்த சிறுநீரகத்தில் கிருமியும் புகுந்துவிட்டால், அது மூடிய பாத்திரத்தில் பொங்கும் விஷம். சில மணி நேரத்தில் அந்த விஷம் ரத்தம் முழுதும் பரவக் கூடும். குழாய் செருகித் தேங்கியதை வடித்தால்தான் பிழைப்பு. ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. இதன் அடையாளம், விலா வலியோடு வரும் குளிர் ஜுரம். இந்த இடத்தில்தான் டப்பாவில் இருக்கும் மாத்திரை மோசம் செய்யும். வலி மாத்திரை வலியை மட்டுமல்ல, ஜுரத்தையும் இறக்கிவிடும். வேர்த்து விட்டது, உடம்பு தணிந்துவிட்டது, காலையில் பார்த்துக் கொள்ளலாம் என்று வீடே தூங்கப் போகும். உள்ளே வேலை நடந்து கொண்டே இருக்கும்.

எனவே மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ஜுரமானியை வைத்துப் பாருங்கள். மணியையும் ஜுரத்தின் அளவையும் ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். இவற்றில் எது இருந்தாலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

விலா வலியோடு ஜுரம் அல்லது குளிர் நடுக்கம்.

சிறுநீர் அடியோடு நின்று போவது.

தண்ணீர்கூடத் தங்காத வாந்தி.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாகியும் அடங்காத வலி.

நாள் தள்ளிப் போன பெண்ணுக்கு அடிவயிற்றில் திடீர் வலி. இது கல்லாகவே இல்லாமல், கரு குழாயில் தங்கிய கேடாக இருக்கலாம். வலி மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன மாத்திரை கொடுத்தீர்கள், எப்போது?" என்பதுதான். "ஏதோ வெள்ளை மாத்திரை டாக்டர்" என்று விழிக்காமல், அட்டையையே கையில் கொண்டு போங்கள். ஜுரம் குறித்த தாளையும் கொடுங்கள். மாத்திரையால் ஜுரம் இறங்கியதா, தானாக இறங்கியதா என்பதை அந்தத் தாள்தான் டாக்டருக்குச் சொல்லும்.